ஒரு பவுன் கல்லறை, இருபத்திரண்டு ஏக்கர் நிலம்

திங்கள், டப்ளின்

டிரினிட்டி கல்லூரியில் கெல்ஸ் சுவடியைப் பார்க்க நின்ற வரிசை முற்றத்தைச் சுற்றி வளைந்திருந்தது. நான் தேடிப் போனது கலைப்புலக் கட்டடத்தில் இருக்கும் ஒரு விரிவுரை அரங்கம். மார்டீன் ஓ கைன் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். விடுமுறைக்காலம், கதவு பூட்டியிருந்தது. பெயரைப் படித்துவிட்டுத் திரும்பினேன். அங்கே எனக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை.

அயர்லாந்து என்றதும் ஜாய்ஸ், யேட்ஸ், பெக்கெட் என்று நாம் அடுக்கும் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதியவர்களுடையவை (பெக்கெட் பிரெஞ்சிலும்). ஐரிஷ் மொழியிலேயே எழுதி, இருபதாம் நூற்றாண்டில் அம்மொழியின் உரைநடைக்கு உச்சம் என்று சொல்லப்படுபவர் ஓ கைன். 1906இல் மேற்குக் கரையில் ஸ்பிடல் என்ற ஊரை ஒட்டிய குக்கிராமத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், ஐரிஷ் குடியரசுப் படை (ஐ.ஆர்.ஏ.) என்ற ஆயுத இயக்கத்துக்காரர், கைதி, கூலி, அரசு மொழிபெயர்ப்பாளர், கடைசியில் இந்தக் கல்லூரியின் பேராசிரியர். இந்தப் பட்டியலில் எது அரசியல், எது எழுத்து என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. அதனால்தான் அவர் வாழ்ந்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

டிரினிட்டியில் அவர் 1956இல் விரிவுரையாளராகச் சேர்ந்தார், 1969இல் பேராசிரியரானார். 1592இல் முதலாம் எலிசபெத் அரசி தோற்றுவித்த புராட்டஸ்டண்ட் கல்லூரி இது. கத்தோலிக்கப் பிள்ளைகள் இங்கே படிக்கக் கூடாது என்று ஆயர்கள் விதித்திருந்த தடை 1970 வரை நீடித்தது. கத்தோலிக்கப் பங்குத்தந்தையால் வேலையிழந்த ஒருவருக்கு இந்தக் கல்லூரி நாற்காலி போட்டது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த வேலையிழப்புக் கதையை கால்வே போனதும் எழுதுகிறேன்.

மதியம் பஸ் பிடித்து ஹெரால்ட்ஸ் கிராஸ் பகுதியில் உள்ள மவுண்ட் ஜெரோம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். 1836இல் திறந்த பெரிய இடம், விக்டோரியா காலத்துத் தூண்களும் தேவதைச் சிற்பங்களும் நிறைந்தது. பேய்க் கதைகள் எழுதிய லெ ஃபானு இங்கே இருக்கிறார். மேற்குக் கரை மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் நாடகம் எழுதிய சிங்க் இங்கே இருக்கிறார். அதே மேற்குக் கரையில் பிறந்த ஓ கைன் 1970 அக்டோபர் முதல் இங்கே இருக்கிறார். அவருடைய நாவலைப் படித்தவர்களுக்கு, இந்த இருவரும் மண்ணுக்கடியில் என்ன பேசிக்கொள்வார்கள் என்ற எண்ணம் வராமல் இருக்காது. சிங்க் மரியாதையாகத் தொடங்குவார், ஓ கைன் முதல் வாக்கியத்திலேயே சண்டைக்குப் போவார் என்பது என் ஊகம்.

'கல்லறை மண்' என்று பொருள்படும் தலைப்புள்ள அந்த நாவலில், பேசுகிறவர்கள் எல்லாரும் பிணங்கள். வருணனை கிடையாது, முழுக்கப் பேச்சு. கத்ரீனா என்ற கிழவி புதிதாகப் புதைக்கப்பட்டிருக்கிறாள். அவளுடைய முதல் கவலை சொர்க்கமா நரகமா என்பதல்ல. தன்னை ஒரு பவுன் விலையுள்ள இடத்தில் புதைத்தார்களா, அதைவிட மலிவான பதினைந்து ஷில்லிங் இடத்தில் தள்ளிவிட்டார்களா என்பதுதான். மேலே உயிரோடிருக்கும் நெல் என்ற தங்கை மீது அவளுக்கு ஆறாத வன்மம். கத்ரீனா விரும்பிய ஆணைத் தங்கை கட்டிக்கொண்டாள். புதிதாக ஒரு பிணம் வந்து இறங்கும்போதெல்லாம் மேலுலகச் செய்தி வருகிறது: யார் கடன் அடைத்தார்கள், யாருக்குச் சிலுவைக்கல் வைத்தார்கள், யாருடைய மனைவி மறுமணம் செய்துகொண்டாள். கல்லறைக்குள் தேர்தல்கூட நடக்கிறது, இடத்தின் விலையை வைத்துக் கட்சிகள் பிரிகின்றன.

1947இல் பரிசு பெற்ற இந்தக் கையெழுத்துப் பிரதியை அரசின் பதிப்புத்துறை ஏற்கவில்லை. 'ஐரிஷ் பிரஸ்' நாளிதழ் 1949இல் தொடராக வெளியிட்டது. பிறகு சார்சீல் அகுஸ் டில் என்ற சிறு பதிப்பகம் நூலாக்கியது. மேற்குக் கரையின் கானமாராப் பகுதியில் குடியேறியிருந்த ஓவியர் சார்ல்ஸ் லேம் படம் வரைந்தார். நார்வீஜிய மொழிபெயர்ப்பு 1995இலும் டேனிஷ் மொழிபெயர்ப்பு 2000இலும் வந்தன. பக்கத்து வீட்டு மொழியான ஆங்கிலத்தில் அச்சாக 2015 ஆனது. அடுத்த ஆண்டே இன்னொரு மொழிபெயர்ப்பும் வந்தது. என் பையில் இருப்பது இரண்டாவது.

செவ்வாய், கரா சமவெளி

காலை ரயிலில் கில்டேர் மாவட்டம். நிலையத்திலிருந்து டாக்சி. கரா என்பது மரமே இல்லாத பெரும் புல்வெளி. ஆடுகள் சாலையைக் கடந்துகொண்டே இருக்கின்றன, கார்கள் காத்திருக்கின்றன. ஒரு பக்கம் நாட்டின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயத் திடல், இன்னொரு பக்கம் ராணுவ முகாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்த முகாமின் ஒரு பகுதியில்தான் குடியரசுப் படையினரை விசாரணையின்றி அடைத்தார்கள். தகரக் கொட்டகைகளால் ஆனது என்பதால் அதற்கு 'டின்டவுன்' என்று பெயர். இன்று பார்க்க ஒன்றும் இல்லை, பார்க்க விடவும் மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று காற்றில் நடுங்கினேன். ஜூலை மாதம் என்று யாராவது இந்தக் காற்றுக்குச் சொன்னால் தேவலை.

ஓ கைன் எப்படி இங்கே வந்தார்? 1930களில் படையின் மேல்மட்டம்வரை போனவர் அவர். இங்கிலாந்தில் குண்டு வைக்கும் திட்டத்தைத் தலைமை தீட்டியபோது, பின்னால் ஓர் அரசியல் இல்லாத வேலை இது என்று எதிர்த்துத் தலைமைக் குழுவிலிருந்து விலகினார். 1940 ஏப்ரலில் டோனி டார்சி என்ற கால்வே மாவட்டப் படைக்காரர் சிறை உண்ணாவிரதத்தில் இறந்தார். அவருடைய அடக்கத்தில் ஓ கைன் பேசினார். சிறிது காலத்தில் கைது. வெளியே வந்தது 1944இல்.

நான்காண்டு. உள்ளே அவர் சக கைதிகளுக்கு ஐரிஷ் கற்றுக்கொடுத்தார், கிடைத்த மொழிகளையெல்லாம் கற்றார், கிடைத்ததையெல்லாம் படித்தார். நண்பரும் எழுத்தாளருமான டோமாஸ் பாரேடுக்கு அங்கிருந்து எழுதிய கடிதங்கள் 1973இல் நூலாயின. முப்பது பேர் ஒரு கொட்டகையில் ஒருவரையொருவர் தவிர்க்க வழியில்லாமல், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு துணுக்குச் செய்தியையும் மென்றுகொண்டு, பழைய வழக்குகளையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நாவலின் கல்லறைத் தோட்டம் கானமாராவில் இருப்பதாகத்தான் எல்லாரும் படிக்கிறார்கள். எனக்கு இந்த வேலிக்கு வெளியே நின்றபோது அதில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று தோன்றியது.

கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. அவரை அடைத்துவைத்தது வெள்ளைக்கார அரசு அல்ல. பிரதமர் டி வலேராவின் சுதந்திர அயர்லாந்து. 1937 அரசியலமைப்பின் எட்டாம் பிரிவில் ஐரிஷே முதல் ஆட்சிமொழி என்று எழுதிவைத்த அதே அரசு. அந்த ஆட்சிமொழியின் மிகப் பெரிய உரைநடைக்காரர் தகரக் கொட்டகையில் இருந்தார். விடுதலைக்குப் பிறகு கொஞ்ச காலம் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் எரிபொருள் கூலி. போர்க்காலத்தில் நிலக்கரி வராததால் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து, தலைநகருக்குக் கொண்டுவந்து அங்கே மலைமலையாகக் குவித்திருந்தார்கள். 1949இல் நாடாளுமன்றத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவு அவரை வேலைக்கு எடுத்தது. ஆபத்தானவர் என்று பூட்டிவைத்தவரை, சட்டங்களை ஐரிஷாக்க ஐந்தே ஆண்டில் கூப்பிட்டார்கள்.

புதன், ராத்கேர்ன்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த இடம் இது. ஆனால் சுற்றுலாக் கையேடுகள் இதற்கு இரண்டு வரிக்கு மேல் கொடுப்பதில்லை. டப்ளினிலிருந்து பஸ்ஸில் மீத் மாவட்டம் ஆத்பாய் வந்து, அங்கிருந்து டாக்சி. வழியெல்லாம் செழிப்பான மேய்ச்சல் நிலம், கொழுத்த மாடுகள், உயர்ந்த வேலிச்செடிகள். சாலைப் பலகைகளில் ஆங்கிலப் பெயர் பெரிய எழுத்திலும் ஐரிஷ் பெயர் சாய்வான சிறிய எழுத்திலும் இருந்தன. ராத்கேர்ன் எல்லையில் ஆங்கிலம் மறைந்துபோனது.

டப்ளினிலிருந்து இவ்வளவு பக்கத்தில், ஆங்கிலம் ஆண்ட கிழக்குச் சமவெளியின் நடுவே, மேற்குக் கோடியின் ஐரிஷ் எப்படி வந்தது?

1930களின் கானமாராவில் குடும்பங்கள் பாறைக்கு நடுவே கையளவு மண்ணில், கடற்பாசியை உரமாக்கி உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்தன. பிள்ளைகள் பாஸ்டனுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். போன இடத்தில் ஐரிஷால் ஒரு பயனும் இல்லை. மொழி காப்பதற்கென்று டப்ளினில் சங்கங்களும் விழாக்களும் நடந்தன. ஓ கைனும் அவரோடு நின்ற கானமாராக்காரர்களும் கேட்டது வேறு. பழைய ஜமீன் பண்ணைகளை நில ஆணையம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதில் எங்களுக்குப் பங்கு கொடுங்கள், கூட்டமாகக் குடியேற்றுங்கள், மொழி தானே வரும் என்றார்கள். 'கேல்டாக்ட் மக்கள்' என்ற பொருளில் இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஐரிஷ் பேசும் பகுதிகளுக்குத்தான் கேல்டாக்ட் என்று பெயர். டி வலேராவைப் பார்த்து மனுக் கொடுக்க கானமாராவிலிருந்து டப்ளினுக்கு, நாட்டின் குறுக்கே, சைக்கிளில் போனார்கள்.

1935இல் இருபத்தேழு குடும்பங்கள் இங்கே வந்து இறங்கின. குடும்பத்துக்கு ஒரு வீடு, சுமார் 22 ஏக்கர் நிலம், கால்நடைகள், கருவிகள். பாறையிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கறுப்பு மண் எப்படி இருந்திருக்கும்! உள்ளூர்க்காரர்களுக்கு எப்படி இருந்தது என்பதற்கும் பதிவு உண்டு: 'இனி இங்கே குடியேறிகள் வேண்டாம்' என்று எழுதிவைத்தார்கள். தங்களுக்குக் கிடைக்கவேண்டிய நிலம் எங்கிருந்தோ வந்தவர்களுக்குப் போகிறதே என்ற கோபம். அதை வெறும் மொழிவெறுப்பு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நிலமில்லாத கூலிகள் மீத்திலும் இருந்தார்கள்.

இதற்குப் பிறகும் அரசு முப்பதாண்டுகள் இந்த ஊரை ஐரிஷ் பேசும் பகுதி என்று ஏற்கவில்லை. போராடித்தான் 1967இல் அந்தத் தகுதி கிடைத்தது. குடியேற்றியவர்களே குடியேறியவர்களின் மொழியைக் கணக்கில் எடுக்க இத்தனை காலம்!

சமூகக் கூடத்தில் ஒரு மூதாட்டி தேநீர் கொடுத்தார். பெற்றோர் கைக்குழந்தையோடு மேற்கிலிருந்து வந்தவர்களாம். அந்தக் கைக்குழந்தை இவருடைய அக்கா. "நாங்கள் இன்னும் கானமாரா ஐரிஷ்தான் பேசுகிறோம், மீத் ஐரிஷ் என்று ஒன்று கிடையாது" என்றார். பக்கத்து மேசையில் இரண்டு பையன்கள் கால்பந்து பற்றி ஐரிஷில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் வந்த நோக்கத்தைச் சொன்னதும் அவர், "நாவலைப் படித்தீர்களா? அந்தக் கத்ரீனா மாதிரி எங்கள் ஊரிலும் மூன்று பேர் உண்டு" என்று குரலைத் தாழ்த்தினார். யார் என்று சொல்லவில்லை.

ஓ கைனின் நூல் பட்டியலைப் போடுகிறவர்கள் இந்த ஊரை அதில் சேர்ப்பதில்லை. சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி. பலருடைய உழைப்பு இதில் உண்டு என்றாலும், அவருடைய வாதம் காகிதத்தை விட்டு இறங்கி நடந்த இடம் இது ஒன்றுதான்.

வியாழன், கால்வே

ரயிலில் இரண்டரை மணி நேரம். மழை.

ஐர் சதுக்கத்தில் பாட்ரிக் ஓ கோனரேயின் சிலையைப் பார்த்தேன். ஐரிஷில் நவீனச் சிறுகதையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர், நாடோடியாகத் திரிந்து 1928இல் இறந்தவர். 1935இல் டி வலேரா திறந்துவைத்த சிலையின் தலையை 1999இல் சிலர் துண்டித்து எடுத்துப் போனார்கள். தலை மீட்கப்பட்டது, மூலச்சிலை இப்போது நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சதுக்கத்தில் இருப்பது 2017இல் வைத்த வெண்கலப் படி. சுற்றுலாப் பயணிகள் அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்தாளர்களை உட்காரவைத்துவிட்டால் இந்த வசதி.

நகருக்குக் கிழக்கே கார்ன் மோர் போய்வந்தேன். புது வீடுகள், அலுவலகத்துக்குக் காரில் போகிறவர்களின் ஊர். ஓ கைன் 1932 முதல் இங்கே தலைமையாசிரியர். அந்நாளில் தொடக்கப் பள்ளிகளின் நிர்வாகி பங்குத்தந்தைதான். சம்பளம் அரசுடையது, நியமனமும் நீக்கமும் அவர் கையில். குடியரசுப் படையிலிருந்து விலக மறுத்த ஆசிரியரை 1936இல் வெளியே அனுப்பினார்கள்.  முப்பது வயது.

வேலை போனதற்காக நான் பங்குத்தந்தைக்கு நன்றி சொல்லத் தயாராக இல்லை. 'துன்பம் தான் எழுத்தாளனைச் செதுக்குகிறது' என்ற வியாக்கியானம் எல்லா மொழிகளிலும் சோறு போடாதவர்கள் சொல்வது.

வெள்ளி, ஸ்பிடல்

கால்வேயிலிருந்து 424ஆம் எண் பஸ். இடதுபக்கம் முழுக்கக் கடல், எதிர்க்கரையில் கிளேர் மாவட்டக் குன்றுகள். முக்கால் மணி நேரத்துக்குள் ஸ்பிடல். ஓ கைனின் கதை ஒன்றில் ஒரு பெண் விடியுமுன் வெண்ணெயும் முட்டையும் சுமந்துகொண்டு இதே சாலையில் கால்வே சந்தைக்கு நடக்கிறாள். கதை முழுக்க அந்த நடைதான்: இருட்டு, பாரம், கால்வலி, என்ன விலை கிடைக்கும் என்ற கணக்கு. நகரத்தை அவள் 'ஒளிநகரம்' என்று எண்ணிப் போகிறாள். நான் அதே தூரத்தை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி கடந்தேன்.

தன்னை எழுத வைத்தது மாக்சிம் கார்க்கியின் ஒரு கதை என்று ஓ கைன் 1969இல் ஆற்றிய உரையில் சொல்லியிருக்கிறார். தற்செயலாக வாங்கிய பிரெஞ்சு இதழில் மொழிபெயர்ப்பாக வந்த கதை. படித்ததும் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தாராம். இப்படியும் கதை உண்டு என்று ஏன் யாரும் சொல்லவில்லை, இந்த மனிதர்களை எனக்குத் தெரியுமே என்று. ஐரிஷ் கிராமத்தானுக்குத் தன் ஊரை எழுதலாம் என்று ரஷ்யாக்காரர் பிரெஞ்சில் வந்து சொல்லவேண்டியிருந்தது.

ஊரில் இறங்கி மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் அவர் பிறந்த கனோகான் கிளாஸ். கல் மதில்கள், அவற்றுக்கிடையே அறை அறையாகப் புல். இப்போது பெரிய வீடுகள், கண்ணாடி முகப்புகள். கேல்டாக்ட் பகுதிகளின் சாலைப் பலகைகளில் 2005 முதல் ஐரிஷ் பெயர் மட்டுமே சட்டப்படி செல்லும். பலகை விஷயத்தில் அரசு என்றுமே தாராளம்தான். 2022 கணக்கெடுப்பின்படி, பள்ளிக்கு வெளியே அன்றாடம் ஐரிஷ் பேசுவோர் நாடு முழுவதிலும் சுமார் 72,000 பேர். கேல்டாக்டுக்குள் சுமார் 20,000. கடையில் மூத்தவர்கள் தங்களுக்குள் ஐரிஷ் பேசினார்கள், கல்லாவில் இருந்த இளைஞர் எனக்கும் அடுத்து நின்றவருக்கும் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

மாலை கேரோரோ வரை பஸ்ஸில் போனேன். வழியில் பாயில ந ஹவனில் தொலைக்காட்சி நிலையம், காஸ்லாவில் வானொலி நிலையம். இரண்டும் முழுக்க ஐரிஷில் இயங்குபவை. யாரும் விரும்பிக் கொடுத்தவையல்ல. 1969இல் கானமாரா இளைஞர்கள் குடிமை உரிமை இயக்கம் தொடங்கி, அடுத்த ஆண்டு ரோஸ் மக்கில் திருட்டு வானொலி நடத்தி அரசை வெட்கப்படவைத்தார்கள். 1972 ஏப்ரலில் அரசு வானொலி வந்தது. தொலைக்காட்சிக்கு 1996வரை ஆனது. ஓ கைன் அந்த இளைஞர்களுக்கு மூத்த கூட்டாளி. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் பொன்விழாவை 1966இல் அரசு ஆடம்பரமாகக் கொண்டாடியபோது, மொழியைச் சாகவிட்டுவிட்டு விழா எதற்கு என்று உண்ணாவிரதம் இருந்த குழுவுக்குத் தலைவர் அவர்தான். அறுபது வயதில்!

பஸ் ஓட்டுநர் அந்த வானொலியைத்தான் வைத்திருந்தார். பாட்டு முடிந்ததும் மரண அறிவிப்புகள்: பெயர், ஊர், அடக்கம் எந்தக் கோயிலில், எத்தனை மணிக்கு. இது நாள்தோறும் உண்டாம். பஸ்ஸே வாய்மூடிக் கேட்டது. முடிந்த மறுநொடி எனக்குப் பின்னால் இரண்டு பெண்மணிகள் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு சூடாக எதையோ அலசத் தொடங்கினார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. கத்ரீனாவின் குரல் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

சனி, ரோஸ் மக்

தங்கியிருந்த விடுதிக்காரர் காரில் கொண்டுவந்து விட்டார். 1916 எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் ஏரியோரம் கட்டிக்கொண்ட கூரைவேய்ந்த குடில் இங்கே இருக்கிறது. பியர்ஸும் ஐரிஷ் எழுத்தாளர், கதைகளும் கவிதைகளும் எழுதியவர். 1915இல் மூத்த விடுதலைப் போராளி ஓ டோனவன் ரோசாவின் அடக்கத்துக்கான புகழ்பெற்ற உரையை இங்கேதான் தயாரித்தார். மறு ஆண்டு மே 3ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். 1921இல் பிரிட்டிஷ் படைகள் குடிலை எரித்தன. பிறகு திருப்பிக் கட்டி, 2016இல் பக்கத்தில் பெரிய பார்வையாளர் மையமும் திறந்திருக்கிறார்கள். காணொளி, கழிப்பறை, சிற்றுண்டி, எல்லாம் ஒழுங்கு.

பியர்ஸ் டப்ளினில் பிறந்து, ஐரிஷைக் கற்று, கோடைகளில் இங்கே வந்தவர். அவருடைய கதைகளில் கானமாராக் குழந்தைகள் தேவகுமாரர்கள், கிழவர்கள் ஞானிகள். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. விடுமுறைக்கு வருகிறவரிடம் எந்த ஊரும் தன் நல்ல முகத்தைத்தான் காட்டும். ஓ கைனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இந்த மக்கள் ஒரு பவுன் குழிக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவர்களுக்காக நிலம் கேட்டார், சிறைக்குப் போனார், பட்டினி கிடந்தார். ஐரிஷை மீட்பதும் நாட்டை மக்கள் கையில் மீட்பதும் ஒரே வேலை என்று கடைசிவரை சொன்னார். நல்லவர்கள் என்பதால் உரிமை கேட்கவில்லை, இருக்கிறார்கள் என்பதால் கேட்டார். அரசியல்வாதிகளில் பியர்ஸ்கள் அடிக்கடி கிடைப்பார்கள், இந்த ரகம் அரிது.

மையத்தின் புத்தகக் கடையில் கல்லறை நாவலின் ஐரிஷ் மூலம் இருந்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் வாங்கினேன். பணம் வாங்கிய அம்மையார் அட்டையைத் தட்டிவிட்டு, "சத்தமாக வாசியுங்கள், அப்போதுதான் திட்டுவது புரியும்" என்றார். கால்வே பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. முதல் பக்கத்தை முயன்று பார்க்கப்போகிறேன்.